சிவப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம்

பாலைவன ஆய்வு முகாம்,
ராஜஸ்தான்.
15.09.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி ரூபி எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி கட்டித்தந்த மோர் மிளகாயை முகாமில் எல்லோரும் பங்குபோட்டுத் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய வழிய இன்னும் கேட்கிறார்கள். இங்கே போன் எடுக்க மணல்மேடு ஏற வேண்டும். ஏறினாலும் "ஹலோ, ஹலோ" என்பதற்குள் போய்விடும். வாரம் ஒருமுறை தண்ணீர் கொண்டுவரும் லொறியில்தான் கடிதம் வரும், போகும். ஆகவே சோம்பிப் பஞ்சிப்படாமல் எழுதுங்கள்.

வேலையைப் பற்றி அவசரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னொருமுறை சொல்கிறேன். மண் மூச்சு விடும். வேர்களும், மண்ணுக்குள் சருகைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் விடுகிற மூச்சு அது. நாம் வெளியே விடும் அதே காற்றுத்தான். இந்தப் பாலைவனக் காட்டில் அது மரத்தடியில் ஒரு விதம், மரமில்லாத வெட்டையில் வேறு விதம். அந்த வித்தியாசம் மண்ணால் வருகிறதா, மரத்தால் வருகிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு காட்டை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டாவதாக, இலங்கையில் நமது வன்னி அக்கராயன் காடு.

ஆவணியில் வந்தபோது ஊன்றிய கட்டைகளை மறந்திருக்க மாட்டீர்கள். மரங்களைச் சுற்றிச் சிவப்புத் தலைக் கட்டை, வெட்டையில் வெள்ளைத் தலைக் கட்டை. அது எங்கள் முகாமின் வழக்கம். நீங்கள் வண்டில் பாதையில் நின்று கட்டைகளை எடுத்துத் தர, நான்தான் உள்ளே ஓடி ஓடி அடித்தேன். காட்டுக்குள் கால் வைக்க என்ன பஞ்சி என்று நான் பகிடி பண்ணியதற்கு நீங்கள் சிரிக்கவே இல்லை. கோபமோ?

சிவப்புக்குள் மரத்தடியிலும் வெள்ளைக்குப் பக்கத்திலும் நான் தந்துவிட்டு வந்த அளவுப் பெட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மண்ணில் ஒரு விரல் ஆழம் அழுத்தி, கருவி காட்டும் எண்ணைக் குறித்து அனுப்புங்கள். முக்கியமான ஒன்று: பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடாதீர்கள். உங்கள் மூச்சும் உள்ளே போய்விடும். பெட்டியை வைக்கும்போது மூச்சை அடக்குங்கள், பிறகு எட்டப் போங்கள்.

மாசியில் பேராசிரியர் கணக்குக் கேட்பார். இரண்டாவது காடு இல்லையென்றால் என் படிப்பை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

தங்கச்சி,
ஜெயரூபி


அக்கராயன்,
08.10.2023

அன்பான தங்கச்சிக்கு,

அண்ணா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னா. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறா, போட்டுவிட்டு அது சரிவராது என்று எண்ணெயையே பேசுகிறா.

நமது வயலில் விதைப்பு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா என்று எல்லோரும் வானத்தையும் பார்க்கிறோம், குளத்தையும் பார்க்கிறோம்.

நீ தந்த பெட்டிக்கு நான் மூச்சுப் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். வெள்ளைக் கட்டைகள் எல்லாவற்றிலும் வடிவாக அளந்தேன். சிவப்புக் கட்டைகளையும் அளந்திருக்கிறேன். எண்கள் தனித்தாளில் உள்ளன.

கட்டைகளைப் பற்றி ஊரில் கதை. ஊர்ப் பதிவுக்கு வந்த விதானையார் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிக் கேட்டார்.

"தம்பி, காட்டுக்க திரும்பவும் சிவப்புக் கட்டை நிக்குதாம். ஆர் வச்சது?"

"தங்கச்சி வச்சது ஐயா. மண்ணின்ர மூச்சை அளக்கிறா."

"மண்ணுக்கும் மூச்சு முட்டுதாமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுடலைமுத்து அண்ணன் இப்போது தன் மாடுகளைக் காட்டுக்கு மற்றப் பக்கத்தால் சாய்த்துக்கொண்டு போகிறார். 

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதே. அந்தச் சிவப்பு நிறம் பேராசிரியர் சொன்னதா? வேறு நிறம் இருக்கவில்லையா?

உடம்பைக் கவனி.

அண்ணா,
நிருஷன்


ராஜஸ்தான்,
30.10.2023

அன்புள்ள அண்ணா,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். நிறம் முகாமில் எல்லோரும் பாவிப்பது. அதைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்று விளங்கவில்லை. அது கிடக்கட்டும். உங்கள் எண்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது.

அண்ணா, மரத்தடி எண்ணும் வெட்டை எண்ணும் ஒன்றாக இருக்கின்றன! ஒன்றிரண்டு மரத்தில் என்றால் பரவாயில்லை, எல்லா மரத்திலும் அப்படித்தான். இங்கே பெரும்பாலும் வன்னி மரம்தான். ஓம், நமது ஊர்ப் பெயருள்ள அதே மரத்துக்கு நடுவில்தான் இருக்கிறேன். அதன் அடியில் மண் விடும் மூச்சு வெட்டையைப் போல மூன்று மடங்கு. வெறும் மணலிலேயே அப்படியென்றால், நமது காட்டில் வீரை, முதிரை மரங்களுக்குக் கீழே இன்னும் கூட இருக்க வேண்டும். சருகும் நிழலும் வேரும் அங்கேதானே?

பேராசிரியர் முதலில் சிரித்தார். கருவி பழுதோ என்றார். பழுதென்றால் வெள்ளைக் கட்டை எண்களும் பிழையாக இருக்க வேண்டும். அவையோ நான் எதிர்பார்த்தபடியே இருக்கின்றன. அப்படியானால் என்ன நடக்கிறது?

பெட்டியின் விளிம்பு மண்ணில் சரியாக இறங்குகிறதா? மரத்தடியில் புற்று இருக்கிறதா? சருகை யாராவது கூட்டி அள்ளுகிறார்களா? அந்தப் பெரிய வீரையின் அடி மண் எப்படி இருக்கிறது, கறுப்பா, ஈரமா? கையில் அள்ளிப் பார்த்து எழுதுங்கள்.

அம்மா எண்ணெயைப் பேசுவதை நினைத்துச் சிரித்தேன்.

அன்புடன்,
ரூபி


அக்கராயன்,
25.11.2023

அன்பான தங்கச்சிக்கு,

கடிதம் பிந்திவிட்டது. எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. வட்டக்கச்சிப் பக்கம் ஓரிரண்டு வயல்கள் வெள்ளத்தில் தாண்டுவிட்டன. நமது வயல் தப்பியது. யானை ஒன்று வந்து வேலியைப் பிடுங்கி, அதே வேலியின் மேல் படுத்து எழும்பிவிட்டுப் போயிருக்கிறது. உன் அண்ணி பிரேமிளா தகரத்தில் அடித்து ஊரையே எழுப்பினா. யானை மட்டும் அசையவில்லை.

மழைக்குப் பிறகும் அளந்தேன். எல்லா எண்களும் ஏறியிருக்கின்றன, வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. தாள் இத்துடன்.

மரத்தடி மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். மண் மண்ணாகத்தான் இருக்கிறது. வேறென்ன எழுத? விளிம்பு சரியாக இறங்குகிறது. சருகை ஒருவரும் அள்ளுவதில்லை. அந்தப் பக்கம் இப்போது ஆட்களே போவதில்லை.

குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கம்பளி போதுமா?

அண்ணா,
நிருஷன்


ராஜஸ்தான்,
16.12.2023

அன்புள்ள அண்ணா,

அம்மா, அண்ணி, நீங்கள், வேலியில் படுத்த யானை எல்லோரும் நலமா? கம்பளி போதும். குளிர்தான் போதாது என்று இங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள், எனக்கோ விறைக்கிறது.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, அண்ணா. இந்த மண் என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறது. விடியற்காலைக் குளிரில் இங்கே சில உவர் இடங்களில் மணல் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுக்கிறது. உவர் மண்ணில் அப்படி நடக்குமென்று படித்திருக்கிறேன், ஆனால் கருவியில் எண் கீழே இறங்கும்போது நம்ப முடியவில்லை. ஒரு தூறல் விழுந்தால் அதே மணல் பொங்கிக்கொண்டு மூச்சு விடுகிறது. அதையும் ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டேன். ஆனால் உங்கள் காடு! மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருக்கிறது.

வேர்கள் வெட்டைவரை பரந்து கிடக்கலாம், அதனால் எங்கும் ஒரே மூச்சாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. சிரித்த பேராசிரியர் இப்போது துள்ளுகிறார். இது புதுமையான முடிவு, மாசியில் நடக்கும் பெரிய கூட்டத்தில் வாசிக்கலாம் என்கிறார். "உன் அண்ணன் எவ்வளவு ஒழுங்காக அளந்திருக்கிறார்" என்று உங்கள் தாள்களை மற்ற மாணவர்களுக்குக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சரியென்றால் என் படிப்பு மேலே போகும். பிழையென்றால் அத்தனை பேருக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்பேன்.

ஒரேயொரு உதவி. வீரை மரத்தின் அடியில் பெட்டி இருக்கும்போது ஒரு படம் எடுத்து, கடையில் கழுவி அனுப்புங்கள். கூட்டத்தில் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ரூபி


ராஜஸ்தான்,
12.01.2024

அன்புள்ள அண்ணா,

பொங்கல் வாழ்த்துகள். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? தண்ணீர் லொறி மூன்று தடவை வந்துவிட்டது, உங்கள் கடிதம் இல்லை. மணல்மேட்டில் ஏறிப் போன் எடுத்தேன். அண்ணிதான் எடுத்தா. "அவர் வயலுக்க நிக்கிறார்" என்றா, பிறகு லைன் போய்விட்டது. வயலில் இருந்து கடிதம் எழுத முடியாதா?

நான் ஏதாவது பிழையாக எழுதிவிட்டேனா? அன்றைக்குப் பஞ்சி என்று பகிடி பண்ணியது இன்னும் மனதில் இருக்கிறதா? படம் வராவிட்டால் பரவாயில்லை. நீங்கள் சுகம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ரூபி


அக்கராயன்,
28.01.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

பிரேமிளா எழுதுவது. மாமிக்குச் சுகம். அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபிப்பார், கோபித்தால் கோபிக்கட்டும்.

நீங்கள் படம் கேட்டு எழுதிய நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னவென்று கேட்டால், கூட்டத்தில் பிள்ளையை வெட்கப்படுத்தப் போகிறேன் என்கிறார், மேலே சொல்கிறார் இல்லை. போன கிழமை அவர் அளக்கப் போனபோது தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பார்த்துவிட்டேன், மச்சாள். அவர் வண்டில் பாதையில் குந்தியிருந்து, பெட்டியைச் சிவப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம், பாதையோரத்திலேயே வைத்து அளக்கிறார். ஒரு மரத்தடிக்கும் போகவில்லை. நீங்கள் ஊன்றிய நாளிலிருந்தே போகவில்லை.

எங்கள் ஊரில் சிவப்புத் தலைக் கட்டை என்றால் என்னவென்று உங்களுக்கு மறந்துபோயிற்றா? போர் முடிந்து மீளக் குடியேறிய நேரம் மிதிவெடி எடுப்பவர்கள் ஊன்றிவிட்டுப் போவார்கள். வெள்ளை நிற்கும் இடத்தில் நடக்கலாம். சிவப்புக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. நீங்கள் அப்போது வவுனியாவில் விடுதியில் படித்தீர்கள், இங்கே இருந்த பிள்ளைகளுக்கு அது பாடம்.

பரந்தனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுமன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஷெல்லில் கால் போனதென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்களைப் பயப்படுத்தக் கூடாதென்று அப்படிச் சொன்னது. அவருடைய கால் போனது இந்தக் காட்டில்தான். தொலைந்த மாட்டைத் தேடி இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். விழுந்து கிடந்த சிவப்புக் கட்டையை முன்னால் போன சுமன் அண்ணன் காணவில்லை. இவர் பின்னால். வெடித்த பிறகு, இவரால் முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. ஆட்கள் வந்து வழி பார்த்துக் கூட்டிவரும்வரை நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். சுமன் அண்ணன் "மச்சான், வாடா, வாடா" என்று கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே நின்றாராம். கலியாணம் கட்டிய புதிதில் ஒரு தடவை சொன்னார், பிறகு சொல்லவில்லை.

காட்டைத் துப்புரவாக்கிக் கனகாலம். ஆட்கள் போகிறார்கள், மாடு போகிறது. அவரும் அது தெரிந்தவர்தான். ஆனால் கால் போகுதில்லையே. உங்களிடம் முடியாது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. படித்த தங்கச்சி ஒரு உதவி கேட்டிருக்கிறா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

கோபிக்க வேண்டாம்.

அன்பு மச்சாள்,
பிரேமிளா


ராஜஸ்தான்,
14.02.2024

என் அன்பு அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. அண்ணி எழுதினா. அவவோடு கோபிக்காதீர்கள். கோபிப்பதென்றால் என்னோடு கோபியுங்கள்.

கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். பிறகு பேராசிரியரிடம் போய், அக்கராயன் எண்களைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், மரத்தடி எண்கள் மரத்தடியில் எடுத்தவை அல்ல, பிழை என்னுடையது என்று சொன்னேன். "கட்டைக்கு நிறம் பூசியதில் என்ன பிழை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விளங்கப்படுத்தினேன். பிறகு சித்திரை முடியும்வரை தவணை தந்தார்.

இத்தனை மாதமாக மண்ணைக் கேட்டேன், வேரைக் கேட்டேன், புற்றைக் கேட்டேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வன்னியில் பிறந்துவிட்டு, என் கையாலேயே சிவப்புக் கட்டையைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் ஊன்றியிருக்கிறேன். போதாததற்குப் பகிடி வேறு.

நீங்கள் போக வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், போக வேண்டாம். இரண்டாவது காடு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிறுத்தினால் நிறுத்தட்டும், வீட்டுக்கு வந்து அண்ணியோடு சேர்ந்து யானைக்குத் தகரம் அடிக்கிறேன். யாரையாவது விட்டுக் கட்டைகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதீர்கள்.

ரூபி


அக்கராயன்,
07.03.2024

அன்பான தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். அறுவடை முடிந்தது. பிரேமிளாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பசி வந்ததால் கதைத்தேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரந்தனுக்குப் போனேன். சுமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ படிப்பை விடப் போவதையும் சொன்னேன். இத்தனை ஆண்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் ஒரு சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். நிமிராமலேயே கேட்டான்.

"நீ அண்டைக்கு வராததுக்கு நான் கோபமெண்டு நினைச்சியோ?"

நான் ரியூப்பில் குமிழ் எழும்பிய இடத்தைக் காட்டினேன்.

"எடேய், நீ வந்திருந்தா ரண்டு பேருக்கும் கால் போயிருக்கும். பிறகு எனக்கு ஆர் சைக்கிள் உழக்கிறது?" என்றான். ரியூப்பைப் போட்டுவிட்டு எழும்பினான். "மிச்சக் காலையும் கொண்டுவாறன், வா. நான் முன்னுக்குப் போறன். வெடிச்சா பிளாஸ்ரிக்தான், வேற வாங்கலாம்."

காட்டுக்கு வந்ததும் பாதையோரத்தில் நின்று முதல் சிவப்புக் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே உள்ளே போனான். அவனுடைய செயற்கைக் கால் பதிந்த தடத்தில் நான் கால் வைத்தேன். எனக்கு வேர்த்து ஒழுகியது. பாதி வழியில் நின்றுவிட்டேன். அவன் அந்தப் பெரிய வீரையில் சாய்ந்துகொண்டு, "மச்சான், வாடா, வாடா" என்று கூப்பிட்டான். அதே சொல், தங்கச்சி. இந்த முறை போனேன்.

நீ அப்போது கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். வீரையடி மண் கறுப்பு. மேலே சருகு கணுக்கால் புதையக் கிடக்கிறது. கீழே ஈரம், கை வைத்தால் குளிர்கிறது. பூஞ்சணம் வெள்ளை நூலாக ஓடியிருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மணம். கையில் அள்ளினேன், விட மனம் வரவில்லை.

பெட்டியை வைத்தேன். எண் வெள்ளைக் கட்டை எண்ணைப் போல நான்கு மடங்குக்கு மேல் வந்தது. ஆனால் ஒரு குறை. பெட்டிக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கச் சொல்லியிருந்தாய். என்னால் முடியவில்லை. ஓடி வந்த நாய் மாதிரி இளைத்துக்கொண்டு அதன் மேலேயே குனிந்திருந்தேன். சுமனும் பக்கத்தில் இருந்து மூக்கைச் சிந்தினான். இந்த எண்ணில் எங்கள் இரண்டு பேரின் மூச்சும் கலந்திருக்கும். இது உனக்கு உதவுமா?

அண்ணா,
நிருஷன்


ராஜஸ்தான்,
25.03.2024

என் அண்ணா,

சுகம், சுகம், சுகம். கடிதத்தை லொறிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். சாரதி யாருக்கு என்ன நடந்ததென்று பயந்துபோய்த் தண்ணீர் தந்தார்.

அந்த எண் உதவாது. பிழையான எண். அதைக் கணக்கில் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. தாளை மட்டும் என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் திரும்பவும் போக வேண்டும். முடியுமா?

ரூபி


வீரையடி,
அக்கராயன்.
12.04.2024

அன்பான தங்கச்சிக்கு,

சித்திரை வருட வாழ்த்து. அம்மா முழங்காலோடு சமாதானமாகிவிட்டா. பிரேமிளா உனக்கு மோர் மிளகாய் போடுகிறா.

இன்றைக்குத் தனியாக வந்தேன். சுமனுக்குக் கடையில் வேலை. சுடலைமுத்து அண்ணனின் மாடுகள் பழையபடி இந்தப் பக்கத்தால் போகின்றன, ஒன்று கொஞ்ச நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எல்லா மரத்தடியிலும் அளந்து முடித்துவிட்டேன், இந்த வீரைதான் கடைசி. எண்கள் தனித்தாளில். தபாலில் பிந்திவிடக் கூடாதென்று பிரேமிளா அவற்றைப் போனிலும் உனக்கு அனுப்புவா, மணல்மேட்டில் ஏறிப் பார்.

பெட்டியை வைத்த பிறகு மூச்சை அடக்கத் தேவை வரவில்லை. பெட்டி அங்கே தன் பாட்டில் அளக்கிறது. நான் அதற்கு எட்ட, மரத்தின் மற்றப் பக்கத்து வேரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

அண்ணா,
நிருஷன்